வரிசையின் கடைசியில் ஈ

“அவளுக்கென்ன, குடுத்து வச்சவ. ஊரே கூப்பிடுது.”

சுவருக்கு அந்தப் பக்கம் க்யூ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது ஈயின் காதில் விழுந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். கொப்பளித்துத் துப்பிவிட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

இது நடந்தது அந்தக் காலத்தில். அப்போது ஆங்கில எழுத்துகளுக்கும் நம்மைப் போல வாய் இருந்தது, வீடு வாசல் இருந்தது, பொறாமை இருந்தது. எல்லாரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். தெருக்கோடியில் ஒரு கூடம். பேர் இல்லாத பொருளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் அங்கே வருவார்கள். எந்தெந்த எழுத்து வேண்டுமென்று மேஸ்திரி பார்த்துக் கூப்பிடுவார். கூப்பிட்டவர்கள் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராகக் குரல் கொடுப்பார்கள். குரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரு சொல் பிறக்கும். வந்தவர் அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்.

மேஸ்திரியின் பெயர் எக்ஸ். அவரை எந்தச் சொல்லுக்கும் அதிகமாகக் கூப்பிடுவதில்லை. வேலை இல்லாததால் மேற்பார்வை அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஈயின் கதை வேறு. பேனாவுக்குப் பேர் வைக்க அவள் வேண்டும், கட்டிலுக்கு வேண்டும், முட்டைக்கு வேண்டும். மரத்துக்குச் சொல் கேட்டு ஒருவர் வந்த அன்று அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று, அவளையே இரண்டு இடத்தில் நிற்க வைத்தார்கள். எந்தச் சொல்லாவது சரியாக வரவில்லையென்றால் எக்ஸுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். “ஈயைக் கூப்பிடு” என்பார். அவள் உலை வைத்திருந்தாலும் இறக்கிவிட்டு ஓட வேண்டும்.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. முதலில் கரகரத்தது. பிறகு பாதிச் சொல்லில் உடைந்தது. ஒருநாள் அவள் எக்ஸிடம் போய் நின்றாள்.

“ரெண்டு நாள் வீட்ல இருந்துக்கறேன் மேஸ்திரி. தொண்டை சரியில்ல.”

எக்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இருந்துக்கோயேன். நானா வேணாங்கறேன்? முள்ளுகூட அப்படித்தான் இருந்தாரு.”

ஈ திரும்பிப் போய் வரிசையில் நின்றுகொண்டாள். முள், இன்றைக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு எழுத்து, முன்பு அந்தத் தெருவில்தான் இருந்தார். பெரியவர், மரியாதைக்காரர். தொண்டை கட்டிக்கொண்டு சில நாள் படுத்துவிட்டார். எழுந்து கூடத்துக்கு வந்தபோது அவருடைய இடத்தில் டியும் ஹெச்சும் கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய சத்தத்தை அச்சு அசலாகக் கொடுத்தார்கள். முள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவருடைய முக்காலியும் பாய் தலையணையும் டியின் வீட்டுக்குப் போயின. அவரை எந்தச் சொல்லிலும் யாரும் அப்புறம் பார்க்கவில்லை.

குரல் இல்லாத எழுத்துக்குத் தெருவில் இடமில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் ஈ கண் விழித்து, பால்காரரைக் கூப்பிடலாமென்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பயப்படக்கூடத் தெம்பில்லை.

அன்றைக்கென்று கூடத்துக்கு ஒருத்தி வந்தாள். காகிதத்தை மூங்கில் குச்சியில் ஒட்டி, நீளமாக வால் வைத்த ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“இதுக்கு ஒரு பேரு வேணுங்க. காத்துல போகும். கூப்பிட்டா வராது. நூலை இழுத்தாத்தான் வரும்.”

எக்ஸ் யோசித்து மூன்று பேரைக் கூப்பிட்டார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டே திரியும் கே முதலில் வந்து நின்றார். கடைசியில் டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. நடுவில் ஐ.

ஐ ஒல்லியான ஆள், குச்சி மாதிரி. ஈக்கு அடுத்த வீடு. வரிசையில் நிற்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு ‘இ’ என்று சின்னதாக முனகுவானே தவிர, தன் பெயரை முழுசாக யார் முன்னாலும் சொன்னதில்லை. “பேரைச் சொல்றதுக்கு இவனுக்குக் காசு கேக்குதோ?” என்று கே சிரிப்பார். ஐயும் கூடவே சிரித்துவிடுவான்.

மூவரும் குரல் கொடுத்தார்கள். ‘கிட்’ என்று வந்தது.

“ஐயோ, அது எங்க வீட்டுக்காரரு கருவிப் பையோட பேருங்க. போன வருஷம் இங்கதான் வாங்கினாரு” என்றாள் அந்தப் பெண்.

எக்ஸ் வழக்கம்போலத் தலையைத் திருப்பினார். “ஈயைக் கூப்பிடு.”

வாசலில் ஆள் வந்து கத்தியபோது ஈ நிதானமாகத்தான் எழுந்தாள். போகாவிட்டால் முள்ளுக்கு நடந்தது நடக்கும். போய் நின்று குரல் வராவிட்டாலும் அதேதான். ஆற்றங்கரை வரைக்கும் நடக்க வேண்டுமே என்ற அலுப்புதான் மனதில் இருந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

முன்னால் நிற்க கே இடம் விடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று டிக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள். தன் முறை வருவது கொஞ்சம் தள்ளிப் போகுமே.

“ம், ஆரம்பிங்க” என்றார் எக்ஸ்.

கே குரல் கொடுத்தார். அடுத்து ஐ. வாயைத் திறக்கப் போனவன், டியின் விரித்த கைக்கு அடியில் குனிந்து ஈயைப் பார்த்தான். கழுத்துத் துணியைப் பார்த்தான். மூடிய வாயைப் பார்த்தான். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வெறும் காற்றோடு மல்லுக்கட்டியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஈ தலையை மெல்ல, இல்லை என்பதுபோல, அசைத்தாள்.

அவன் சின்னதாக முனகினால் வருவது பழைய ‘கிட்’தான். அப்புறம் கூடமே ஈயின் வாயைப் பார்க்கும்.

ஐ நிமிர்ந்தான். தன் பெயரை, முழுசாக, கூரை அதிரச் சொன்னான்.

“ஐ!”

திடுக்கிட்ட டி தன் சத்தத்தைச் சட்டென்று போட்டு முடித்தார். ‘கைட்’ என்று ஒரு சொல் கூடத்தின் நடுவில் வந்து நின்றது.

“அதுதான்! அதேதான்!” என்று அந்தப் பெண் பட்டத்தை உயர்த்தினாள்.

எக்ஸ் மட்டும் ஈயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நீ ஒண்ணும் சொல்லலையே?”

ஈ கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சும்மா நிக்கறதுக்கு இங்க எதுக்கு ஆளு? நீ வெளிய போ. மத்தவங்க மறுபடி சொல்லுங்க.”

ஈ வாசலுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளேயிருந்து கேவின் குரல் வந்தது. பிறகு, காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் ஒரு ‘இ’. பிறகு டி.

“பாருங்க, மறுபடி அதே பைதான்!” என்று அந்தப் பெண் அலுத்துக்கொண்டாள். “அந்தம்மா நின்னாத்தாங்க வருது. உள்ள கூப்பிடுங்க.”

கூப்பிட்டார்கள். ஈ போய்க் கடைசியில் நின்றாள். ஐ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னான், முதல் தடவையைவிட உரக்க. அவள் வெளியே நின்றபோது அவனுக்கு நிஜமாகவே வாய் வரவில்லையா, வேண்டுமென்றே முனகினானா என்பது ஈக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் கேட்டதும் இல்லை.

எக்ஸ் தாடையைச் சொறிந்தார். “அப்போ ஒண்ணும் பேசாம நிப்பா. அதுக்கு ஒரு இடம். அப்படித்தானே?”

“நமக்கு வேண்டியது சொல்லுதானே மேஸ்திரி” என்றான் ஐ. அவன் வலியப் போய் எக்ஸிடம் பேசியது அதுதான் முதல் முறை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓ, உருண்டு வந்து ஈயின் காதோரம் சொன்னாள்: “அக்கா, நாளைக்கு என் வரிசைக்கும் வந்து நில்லு. நீ ஒண்ணும் பேச வேணாம். எனக்கும் என் பேரை ஒரு தடவ சொல்லிப் பாக்கணும்.”

டி யாரையும் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் முள்ளின் முக்காலி இருந்தது. வரிசையின் கடைசியில், தனக்குப் பக்கத்தில், அதைப் போட்டார்.

அன்று முதல்தான் ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்களின் கடைசியில் ஈ வாயே திறக்காமல் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு இடம் முன்னால் இருப்பவர் தன் பெயரை முழுசாகச் சொல்லிக்கொள்கிறார். சத்தம் கேட்கவில்லையே என்று அவளை விட்டுவிட்டு எழுதுகிற பிள்ளைகளின் தாளில் இன்றைக்கும் சிவப்பு மை விழுகிறது.

அன்றைக்கு டி போட்ட முக்காலியை ஈ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் உட்கார்ந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.