அச்சம்: பூஜ்ஜியம்

"பயமே இல்லாத ஒரு வீரன உண்டாக்க முடியுமாம்மா?" என்று கேட்டார் இசக்கிராஜா.

பெனினா பகடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அறை. ஞாயிறு மதியம் ஐந்தாறு பேர் அங்கே கூடிக் கதை ஆட்டம் ஆடுவார்கள். பெனினா கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். பிழைத்தானா, செத்தானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

அவளுக்கு வயது இருபத்தாறு. பல் செட் செய்யும் லேபில் வேலை. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் அவளைக் 'குரு' என்பார்கள். பாதி கிண்டல். மீதிப் பாதி என்னவென்று யாரும் யோசித்ததில்லை.

இசக்கிராஜாவுக்கு நாற்பத்திரண்டு. மின்கம்பம் ஏறும் லைன்மேன். ஆறு மாதம் முன்பு அந்த அறையில் ஃபேன் ஓடவில்லை என்று பார்க்க வந்தவர். ஃபேன் ஓடிய பிறகும் போகவில்லை.

இன்று மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"ஆட்டப் புத்தகத்துல இருக்க வீரன் ஒருத்தனும் எனக்குச் சரிப்படல. நானே ஒரு வகை எழுதியிருக்கேன். துரைமறவன்."

பெனினா வாங்கிப் படித்தாள்.

பலம்: இருபது. வேகம்: பத்து. அச்சம்: பூஜ்ஜியம்.

அச்சம் என்ற கட்டம் வேறு எங்கும் கிடையாது. அந்த மேசையின் வழக்கம் அது. எத்தனை அச்சமோ அத்தனை புளியங்கொட்டை உன் கையில் இருக்கும். ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போட்டால் ஒரு கேள்வி கேட்கலாம். பெனினா உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். கொட்டை இல்லாதவன் கேள்வி கேட்க முடியாது.

இசக்கிராஜா தன் வீரனுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் ஏழு அச்சத்தையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஏழு பலம் எழுதி வைத்திருந்தார். அப்படி ஒரு காரியத்தை அந்த மேசையில் இதுவரை யாரும் செய்ததில்லை.

"யாரு அண்ணாச்சி இது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஞானதுரை."

ஞானதுரை அவருடன் பதினோரு வருஷம் கம்பம் ஏறியவர். நாலு மாதம் முன்பு மின்சாரம் பாய்ந்து கம்பத்திலேயே செத்துப்போனார்.

"நாளைக்குக் காலையில நான் ஏறணும். முதுகு வலின்னேன், காய்ச்சல்னேன், நாலு மாசமாக் கீழயே நின்னுட்டேன். இனிச் சொல்லுதுக்கு நோய் மிச்சம் இல்ல."

"சரி."

"ஏணியப் பாத்தாலே நடுங்குது."

தாளைத் திரும்ப வாங்கி மேசையில் விரித்தார்.

"அவன் ஒருநாளும் நடுங்குனதில்லம்மா. ஏறுன்னா ஏறுவான். ஒரு கேள்வி கேக்கமாட்டான். அவன மாதிரி ஒருத்தன இங்க ஆடிப் பழகிட்டா, அங்கயும் வந்துராதா?"

நாற்பத்திரண்டு வயது ஆள் இப்படிக் கேட்கிறார் என்று சிரித்துவிடாதீர்கள். பயம் முற்றினால் யாரும் எதையும் பிடித்துக்கொள்வார்கள்.

பெனினா சிரிக்கவில்லை. புளியங்கொட்டைக் கிண்ணத்தை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள்.

"புது வகைன்னா முதல்ல தனியா ஒரு இடத்தக் கடந்து காட்டணும்."

"தெரியும்."

"ஒரு கோபுரம். உச்சியில விளக்கு அணைஞ்சு கிடக்கு. அத ஏத்தணும்."

"போறேன்."

"உள்ள இருட்டு. படி இடிஞ்சிருக்கு. மேல இருந்து ஒரு சங்கிலி தொங்குது."

"பிடிச்சு ஏறுதேன்."

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏதாவது கேக்கணுமா அண்ணாச்சி?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அது எட்டாத தூரத்தில் இருந்தது. எட்டினாலும் போடுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

கேட்க ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் துரைமறவனுக்குக் கேள்வி வராது. அவர்தான் அப்படி எழுதியிருந்தார்.

"ஒண்ணும் கேக்கல. ஏறுதேன்."

"உருட்டுங்க."

பகடை உருண்டு நின்றது. இருபது.

இசக்கிராஜா எழுந்தே விட்டார். அதற்கு மேல் பகடையில் எண் கிடையாது.

"இருபது," என்றாள் பெனினா. "நல்லா இறுக்கிப் பிடிச்சிட்டாரு."

"ஆமா!"

"அந்தச் சங்கிலியில இடி இறங்கிக்கிட்டே இருக்கு. பிடிச்ச கைய விட முடியல."

இசக்கிராஜா மெல்ல உட்கார்ந்தார்.

"இவ்வளவு பலம் இல்லாதவனா இருந்தா நழுவி விழுந்திருப்பான்," என்றாள். "பிழைச்சிருப்பான்."

இசக்கிராஜாவின் முகம் வெளுத்தது. ஞானதுரையின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவர் அவர்தான்.

"ஏன் இப்படிப் பண்ணுன?" என்றார். "அவன் செத்த விதத்த உங்கிட்டதான சொன்னேன். அதயே எடுத்து எனக்குக் கதையாக் கட்டுதியா? உனக்கு ஈவிரக்கம் கிடையாதா?"

பெனினாவின் கண்ணும் கலங்கியிருந்தது. அலமாரியைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவருடைய கையெழுத்து.

மூக்கன். ஆடு மேய்ப்பவன். பலம்: மூன்று. அச்சம்: ஏழு.

ஆறு மாதம் முன்பு, முதல் நாள், என்ன ஏதென்று தெரியாமல் அவர் ஆடிய பாத்திரம்.

"இது அதே கோபுரம்தான் அண்ணாச்சி. ஒரு எழுத்து மாத்தல."

அவருக்கு நினைவு வந்தது. அன்று மூக்கன் வாசலிலேயே நின்றுவிட்டான். கீழே ஏன் வவ்வால் செத்துக் கிடக்கு என்று கேட்டான். சங்கிலி ஏன் துருப்பிடிக்கல என்று கேட்டான். யாராவது இதப் பிடிச்சிருக்காங்களா என்று கேட்டான். ஏழு கொட்டையும் தீர்ந்த பிறகு, சங்கிலியைத் தொடாமல், இடிந்த படியில் தவழ்ந்து தவழ்ந்து ஒரு மணி நேரம் ஏறினான். மேசையைச் சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் கோபுரத்து விளக்கு எரிந்தது.

இசக்கிராஜா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெனினா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எத்தன எடுக்கணும்?" என்றார் அவர்.

அவள் மறுபடியும் பகடைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பைபாஸ் ஓரத்தில் ஒரே கம்பி போகும் இரண்டு கம்பங்களில் வேலை. ஒன்றில் கூட வேலை பார்க்கும் பிச்சையா ஏணியைச் சாத்தி, பாதி ஏறிவிட்டான். இன்னொன்று இசக்கிராஜாவுக்கு.

பயம் கொஞ்சமும் குறையவில்லை.

"லைன் கிளியர் வாங்கியாச்சு. ஏறுங்க," என்றார் சூப்பர்வைசர் லாரன்ஸ். துணை மின்நிலையத்தில் சொல்லி இந்தக் கம்பியின் மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று அர்த்தம்.

இசக்கிராஜா பேன்ட் பைக்குள் கையை விட்டார். விரலில் புளியங்கொட்டைகள் தட்டுப்பட்டன. ஒன்றை எடுத்துக் கம்பத்தின் அடியில் போட்டார்.

"யாரு சார் வாங்குனது?"

"நான்தான்யா. போன்ல."

இன்னொன்றைப் போட்டார்.

"எந்த லைனுக்குச் சொன்னீங்க?"

"நாலு மாசம் கழிச்சு வந்துட்டுக் கேள்வியப் பாரு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு."

"பயமாத்தான் இருக்கு சார்."

பிச்சையா மேலேயிருந்து சிரித்தான். கம்பிக்கு இன்னும் இரண்டு படிதான் அவனுக்கு.

இசக்கிராஜா மூன்றாவது கொட்டையைப் போட்டார்.

"அவங்க எந்த லைன நிறுத்துனாங்கன்னு ஒருதடவ கேட்டுருங்க."

லாரன்ஸ் சலித்துக்கொண்டே போனை எடுத்தார். கம்பத்தின் எண்ணைச் சொன்னார். மறுமுனையில் யாரோ வேறொரு எண்ணைச் சொன்னார்கள். அவர் கம்பத்தைப் பார்த்தார். எண்ணை மறுபடியும் வாசித்தார்.

பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே அண்ணாந்து கத்தினார்.

"பிச்சையா! தொடாதலே!"