ஐந்து ஏரிகள், ஒரே பதில்

சங்கு ஊதியது.

மேல் ஏரியின் மதகைத் திறக்கப் போகிறார்கள் என்பதற்கான முதல் சங்கு. இரண்டாவது ஊதினால் தண்ணீர் புறப்பட்டுவிடும்.

கட்டுப்பாட்டு அறை வாசற்படியில் தமயந்தி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஏரிகளின் நீர்மட்டம் பார்க்கும் சவரிமுத்துவுக்குக் கணினி வேலையில் அவள்தான் குரு. வயதில் தங்கச்சி.

"மனசு ஒப்பலம்மா," என்று வந்து நின்றார் அவர். கையில் பிளாஸ்க்.

"என்னண்ணே?"

"கீழே அஞ்சு ஏரியிலயும் நம்ம கணினி இருக்குல்ல? தூரத்துக் கணினிக்குள்ள நுழையுற எஸ்.எஸ்.எச்.ல இங்கேருந்தே கட்டளைக் கோப்பை ஓட்டி, 'உன் தண்ணி எத்தனை அடி'ன்னு கேட்டேன். அஞ்சும் ஒன்பதுங்குது."

"கரை பன்னெண்டு தாங்குமே."

"அதனாலதான் திறக்கச் சொல்லிட்டாங்க. ஆனா அஞ்சும் எப்படிம்மா ஒண்ணுபோல இருக்கும்? கடைசி ஏரி நிறைஞ்சிருந்தா? கரைக்குக் கீழே வீடுங்க."

"இங்கே, மேல் ஏரியில எத்தனை?"

"இதுவும் ஒன்பதுதான்."

தமயந்தி கீரையைப் பார்த்தாள்.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். "டீ சாப்பிடுறீங்களா? வேணாம்பீங்க." தன் டம்ளரில் மட்டும் ஊற்றினார்.

"நான் எப்போண்ணே வேணாம்னேன்?"

"மூணு வருஷமா தினம் கேக்குறேனே!"

"கேக்குறீங்க. பதிலையும் நீங்களே சொல்லிட்டுப் போயிடுறீங்க."

பிளாஸ்க் சாய்ந்தபடியே நின்றது. டீ டம்ளர் நிரம்பி வழிந்து தரையில் ஓடியது.

சவரிமுத்து உள்ளே ஓடினார்.

கட்டளைக் கோப்பைத் திறந்தார். கேள்வி இரட்டை மேற்கோளுக்குள் இருந்தது; அதற்குள் இருப்பதை அனுப்பும் கணினியே முதலில் நிறைவேற்றிவிடும். அனுப்புவதற்கு முன்பே இந்தக் கணினி அதைப் படித்து, தன் ஏரியை அளந்து, ஒன்பதை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறது. அங்கே போனது கேள்வியே அல்ல; ஐந்தும் திருப்பிச் சொன்னது இந்த ஒன்பதைத்தான்.

இரட்டையை அழித்து, கேள்வியைத் தொடாமல் அப்படியே அனுப்பும் ஒற்றை மேற்கோள் போட்டார். மறுபடி ஓட்டினார்.

ஆறு. எட்டு. ஏழரை. எட்டு.

கடைசி ஏரி மட்டும் தாமதித்தது.

பன்னிரண்டு.

"திறக்காதீங்க சார்! கடைசி ஏரி தளும்புது! மதகைத் தொடாதீங்க!" போனில் அவர் கத்தியது படிவரை கேட்டது.

இரண்டாவது சங்கு ஊதவில்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். இன்னொரு டம்ளரைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

"டீ சாப்பிடுறீங்களா?"

அதற்குமேல் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றார்.

"அரை டம்ளர்," என்றாள் தமயந்தி. அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.