தாய்மாமன் பிடி

மொச்சிக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். மழை வந்தால் குடையைப் பிடி என்றால், மழை விட்ட பிறகும் யாராவது மடக்கச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார்கள்.

அந்த ஊர்த் தவசி ஆள் வாட்டசாட்டமானவன். மீசையும் அப்படித்தான். ஒரே குறை, காது குத்தவில்லை. அவன் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தக் கூடாது என்று வீட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். யார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாலும் தவசி கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கண்கலங்கித் திரும்புவான்.

பொங்கலுக்கு வந்த மச்சினன் கவியரசு, ஊரில் புதிதாகத் திறந்திருந்த வீடியோ கேம் கடைக்கு அவனை அழைத்துப் போனான். கவியரசு ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனால் திரையில் அவனுடைய ஆள் தவசியின் ஆளைப் பிடித்துப் பிடித்துத் தூக்கி எறிந்தான். தவசியோ தடுக்கிற பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். அது அடியையெல்லாம் தடுத்தது, பிடியை மட்டும் தடுக்கவில்லை.

"இது அழுகுணி ஆட்டம்டா!" என்று தவசி கத்தினான்.

"ஞாயித்துக்கிழமை இங்க போட்டி இருக்கு மாமா. அதுல மோதுவோம். நீங்க தோத்தா, ஆயுசுக்கும் என்னைய மாமான்னு கூப்பிடணும்."

தவசி மீசையை முறுக்கிச் சரி என்றான். பிறகு டீக்கடைக்குப் போனான். அங்கே இருந்த கூட்டாளிகள் உக்கிரபாண்டியும் ஞானதுரையும் விஷயத்தைக் கேட்டு ஆழ்ந்து யோசித்தார்கள்.

"ஒருத்தன் கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இருக்கான். வீட்டோட தூக்கி எறியுறது என்ன நியாயம்?" என்றான் ஞானதுரை.

"அது கிடக்கட்டும்," என்றான் உக்கிரபாண்டி. "தோத்தா அவன் உனக்கு மாமா. மாமாவோட அக்கா உனக்கு என்ன முறை?"

"அம்மா முறை."

"அவனோட அக்கா யாரு?"

தவசி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "என் பொண்டாட்டி எழிலி."

மூவரின் டீயும் ஆறிப்போனது. தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டி அம்மாவாகிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் மனிதன் எப்படிக் குடும்பம் நடத்துவது?

நேரே கேம் கடை ஜெயசீலனிடம் ஓடினார்கள். அவர் பொறுமைசாலி.

"தடுத்துக்கிட்டே இருந்தா பிடிக்கத்தான் செய்வான். பிடிக்க வந்தா குதிச்சிரு. இல்லைன்னா அவன் பிடிக்கிற அதே நேரத்துல நீயும் பிடி, பிடி விட்டுரும். புதுசா ஆடுறவனுக்குக் கோவம் வரும். வந்தா ஒரு வாய் தண்ணி குடி, சரியாயிரும்."

மூவரும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானதுரை ஒரு குடம் தண்ணீரோடு வந்து தவசியின் பக்கத்தில் நின்றான். ஆட்டம் தொடங்கியது. கவியரசு பிடித்து எறிந்தான். தவசிக்குக் கோபம் வந்தது, தண்ணீர் குடித்தான். குடிக்கிற நேரத்தில் கவியரசு மறுபடி எறிந்தான். மறுபடி கோபம், மறுபடி தண்ணீர். முதல் சுற்று முடிந்தபோது குடம் காலி, தவசி நிறைந்திருந்தான்.

"குதிக்க மறந்துட்டியேடா!" என்று உக்கிரபாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாம் சுற்றில் தவசி மறக்கவில்லை. கவியரசின் ஆள் பிடிக்க வந்ததும் நாற்காலியிலிருந்து எழும்பிக் குதித்தான். வயிற்றுக்குள் தண்ணீர் களக் என்றது. இறங்கும்போது நாற்காலி உடைந்தது. திரையில் அவன் ஆள் எப்போதும்போல் பறந்து போய் விழுந்தான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. அடுத்த முறை கவியரசு பிடித்த அதே நேரத்தில் தவசியும் பிடித்தான், கவியரசின் இரண்டு மணிக்கட்டையும். ஜெயசீலன் வந்து சொல்லும்வரை விடவில்லை. அவர் சொன்னது, "தவசி, கையைப் பிடிச்சா ஆட்டம் போச்சு. நீ தோத்துட்ட."

கடையே வேடிக்கை பார்த்தது. தவசி அழுதுகொண்டே, "மாமா," என்றான். கவியரசு விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போதுதான் உக்கிரபாண்டிக்குப் பொறி தட்டியது. "டேய் தவசி! உனக்குத் தாய்மாமன் கிடைச்சிட்டாருடா!"

தவசி அழுகையை நிறுத்தினான். கை தானாகக் காதுக்குப் போனது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அந்த ஊர் பார்த்ததில்லை.

அடுத்த முகூர்த்தத்திலேயே குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. கவியரசு ஓடப் பார்த்தான். அவன் அக்கா எழிலி விடவில்லை. "மாமான்னு கூப்பிடச் சொன்னது நீதானே? உக்காருடா."

சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் மடியில் தவசி ஏறி அமர்ந்தான்.

"ஐயோ, எந்திரிங்க மாமா! தொடை போச்சு!"

"நீங்கதான் மாமா," என்று தவசி பணிவாகத் திருத்தினான். ஆனால் ஆசாரி ஊசியை எடுத்ததும் மச்சினன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை அவன் தோளில் புதைத்தான்.

"குதிங்க தம்பி! பிடிச்சா குதிக்கணும்!" என்று ஞானதுரை யோசனை சொன்னான்.

"பிடிச்ச பிறகு எப்படிடா குதிக்கிறது? நீங்களும் பிடிங்க, விட்டுரும்," என்றான் உக்கிரபாண்டி.

மூச்சுத் திணறிய கவியரசு வேறு வழியில்லாமல் தானும் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். உருண்டு நின்றபோது தவசி கீழே, கவியரசு அவன் மடிமேல்.

ஆசாரிக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். மீசைக்காரர் மடியில் ஒல்லியாக ஒன்று உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தது. எத்தனை காதுகுத்தில் இதைப் பார்த்தவர்! பழைய துளைக்குப் பக்கத்திலேயே இரண்டு காதிலும் குத்தி முடித்துவிட்டார்.

உக்கிரபாண்டி மோவாயைத் தடவினான். "காது குத்துனது கவியரசுக்கு. மடி தவசியோடது. அப்ப யாருடா தாய்மாமன்?"

"தவசிதான்," என்றான் ஞானதுரை.

"மாமா..." என்று கவியரசு காதைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

தவசி மீசையை முறுக்கினான். தாய்மாமன் பந்தம் விட்டது, பெண்டாட்டி பெண்டாட்டியாகவே திரும்பக் கிடைத்தாள். பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டக் கறிச்சோறு சாப்பிட்டான். கை கழுவும்போது காதைத் தடவிப் பார்த்தான். பிறகு, வழக்கம்போலக் கண்கலங்கி வீடு திரும்பினான்.