தீனி எடுக்காத மீன்குஞ்சு

கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் பவளக்கொடியை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த வேதமாணிக்கத்துக்கு அறுபத்தொன்று. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர, கவலைப்படுவதை விடவில்லை. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போவார். மூடினோமா இல்லையா என்று பார்க்க மறுபடி வீட்டுக்கு வருவார்.

"ஜோடி சேர்க்கிறது, முட்டை பொரிக்கிறது எல்லாம் அப்புறம் சார்," என்றார் மாஸ்டர் முதல் நாளே. "மொதல்ல ஒரு குஞ்சை ஆளாக்கிக் காட்டுங்க."

கொடுத்தது ஒரு பிளவர்ஹார்ன் குஞ்சு. சிக்லிட் என்கிற மீன் வகையில் சண்டைக்காரச் சாதி. வளர்ந்தால் நெற்றி புடைத்து, சிவந்து, ஆளே மாறிப்போகும். அன்றைக்கு என்னவோ அது ரெண்டு இன்ச் நீளத்தில், அழுக்குச் சாம்பல் நிறத்தில், பார்க்கவே பாவமாக இருந்தது.

"தனியா வளர்க்கணும். கூட வேற மீன் விடாதீங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வேதமாணிக்கத்துக்கு அது பிடிக்கவில்லை. பெரம்பூர் வீட்டில் அவர் மனைவி எஸ்தர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மாஸ்டர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேசுவது அழகில்லை என்று தலையாட்டிவிட்டு, பாலிதீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. காலையில் இவர் தொட்டி பக்கம் போனாலே குஞ்சு மேலே வந்து வாயைத் திறக்கும். பதினோராம் நாள் திறக்கவில்லை. போட்ட தீனி அப்படியே அடியில் போய் ஊறிக் கிடந்தது. மறுநாளும் அதே கதைதான். வேதமாணிக்கம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினார்.

"தண்ணி எப்படி மாத்துறீங்க?"

"வாரத்துக்குக் கால் பங்கு. ஒரு நாள் முழுக்கப் பிடிச்சு வெச்சு, குளோரின் போனப்புறம்தான் ஊத்துறேன்."

"ஹீட்டர்?"

"இருபத்தெட்டுல நிக்குது. ரெண்டு மணிக்கு ஒருக்கா போய்ப் பார்க்கிறேன் மாஸ்டர்."

"ஹீட்டர் தன்னால வேலை செய்யும் சார். அதுக்குத்தான் வாங்கறோம்." ஒரு பொட்டலம் கல்லுப்பைக் கொடுத்தார். "தண்ணில கொஞ்சமாப் போடுங்க. ரெண்டு நாள் பார்ப்போம்."

அந்த ரெண்டு நாளும் வேதமாணிக்கம் தொட்டி முன்னாலேயே குடியிருந்தார். குஞ்சு சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத்துச் சுவரோரமாகவே மேலும் கீழும் அலைந்தது. வாய் ஓரம் வெளுத்துவிட்டது. வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. அவருக்குப் பயம் வந்தது. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே நுழைய அவரால் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

போன் போட்டார். மாஸ்டர், மாஸ்டர் என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னார். "நான் வர்றேன்," என்றார் மாஸ்டர்.

மத்தியான நேரம் வந்து சேர்ந்த மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டி முன் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொட்டியை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டார்.

"இது எப்போ வந்துச்சு?"

"பத்தாம் நாள் வெச்சேன்."

"யார் வைக்கச் சொன்னா?"

"நீங்கதான் மாஸ்டர்... இல்ல, சொல்லல. உங்க பெரிய மீனுக்கு ஒருநாள் கண்ணாடி காட்டினீங்க இல்ல? அது துடுப்பை விரிச்சுக்கிட்டு என்னமா ஆடிச்சு! சந்தோஷம்னு நெனச்சேன். கூட மீன் விடக் கூடாதுன்னுட்டீங்க. பாவம், துணைக்கு இதாவது இருக்கட்டுமேன்னு..."

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அது ஆடல சார். சண்டைக்குப் போச்சு. நம்ம எடத்துல எவனோ வந்துட்டான்னு அதுக்குக் கோவம் வரும். அந்த வேகத்துல நிறம் ஏறும். அதுக்காக அஞ்சு நிமிஷம் காட்டிட்டு எடுத்துருவோம்."

"அப்போ இது?"

"அஞ்சு நாளா சண்டை போடுது. எதிராளி ஓடவும் மாட்டேங்கிறான், தோக்கவும் மாட்டேங்கிறான். இது எப்போ சாப்பிடும்?"

வேதமாணிக்கம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நானே கொன்னுட்டேனே."

"இன்னும் சாகல."

மாஸ்டர் கண்ணாடியை எடுத்தார். தொட்டியின் மூன்று பக்கமும் பழைய செய்தித்தாளை ஒட்டி, விளக்கை அணைத்தார். குஞ்சு ஒரு மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

"பிழைக்குமா மாஸ்டர்?"

"நீங்க சாப்டீங்களா?"

"நான் மீனைப் பத்திக் கேட்டேன்."

"நான் உங்களைப் பத்திக் கேட்டேன்."

வேதமாணிக்கம் தொட்டியையே பார்த்தார். மாஸ்டர் சமையலறைக்குப் போய்ச் சோறும் ரசமும் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதோடு விடவில்லை. அந்தக் கண்ணாடியை எடுத்துத் தட்டுக்கு எதிரே, தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தினார்.

"சாப்பிடுங்க."

இது என்ன கூத்து என்று தோன்றியது. மாஸ்டராயிற்றே, திருப்பிக் கேட்கவில்லை. ஒரு கவளம் எடுத்தார். எதிரே நாலு நாள் தாடியோடு ஒரு கிழவரும் ஒரு கவளம் எடுத்தார். இவர் மென்றபோது அவரும் மென்றார். நிமிர்ந்தால் நிமிர்ந்தார். ரெண்டு கண்ணும் சிவந்து, என்ன ஆகுமோ, என்ன ஆகுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாவது கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

"முடியல மாஸ்டர்."

"ஏன்?"

"வெச்ச கண் வாங்காம பார்க்கிறான். சோறு எறங்க மாட்டேங்குது."

"துணைக்குத்தானே சார்."

வேதமாணிக்கம் தட்டைத் தள்ளி வைத்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டார். ரெண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். பில்டரின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் நாலு தடவை எழுந்தார். நாலு தடவையும் மாஸ்டர் அவர் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றரை மணி வாக்கில் குஞ்சு மூலையை விட்டு வெளியே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. எங்கே தேடியும் எதிராளியைக் காணவில்லை. மாஸ்டர் ஒரே ஒரு உருண்டை தீனியைப் போட்டார்.

குஞ்சு அதைக் கவ்வியது. உடனே துப்பியது.

வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். "கர்த்தரே," என்றார் வாய்க்குள்.

"திறந்து பாருங்க."

திறந்தார். தீனியைக் காணோம். குஞ்சின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

அவர் அழுதே விட்டார். துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏதேதோ உளறினார். மாஸ்டர் அதைக் கவனிக்காதவர் போல இன்னொரு உருண்டையைப் போட்டார். அதுவும் உள்ளே போயிற்று.

குரல் சரியானதும் வேதமாணிக்கம் கேட்டார்.

"அப்போ துணையே வேண்டாம்ங்கறீங்களா மாஸ்டர்?"

"அதுக்கு வேண்டாம் சார்," என்றார் மாஸ்டர். "நானும் இன்னும் சாப்பிடல. இன்னொரு தட்டு எடுங்க."