ஆயிரத்து ஒன்பதாவது எறும்பு

ஏரிக்கரைப் புற்றில் தலைவன் மாசாணத்தையும் சேர்த்து ஆயிரத்து ஒன்பது கட்டெறும்புகள் இருந்தன. கிளம்பினால் சம வரிசைகளாகத்தான் கிளம்ப வேண்டும், குறை வரிசை ஆகாது என்பது அவர்கள் வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மேற்கே கறுத்தது. ஏரி உடையுமுன் மேட்டுக்கு ஏறியாக வேண்டும்.

“ரெண்டு ரெண்டா நில்லுங்க!” என்றான் மாசாணம். ஒன்று மிச்சம். மும்மூன்றாக நின்றார்கள். அப்போதும் ஒன்று மிச்சம். ஐந்தைந்தாக நின்றால் நான்கு மிச்சம். ஆறாறாக, ஏழேழாக நின்றால் மறுபடியும் ஒன்று!

கால் ஊனமான பூவாயி எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்வாள். அதனால் அந்த ஒன்று அவளாகவே இருந்தது.

“எல்லாம் இவளால வந்த வினை!” என்று சீறினான் மாசாணம்.

கரையிலிருந்த தவளைக்குப் பொறுக்கவில்லை. “அவ மேல ஏன்யா பாயறீங்க? ஆயிரத்து ஒன்பது பகா எண். ஒத்தை ஒத்தையாப் போனா ஒழிய, எப்படி நின்னாலும் மீதி வரும்!”

“ஒத்தையாப் போனா வெள்ளம் முந்திக்குமே!”

“அப்போ கடைசி வரிசை மட்டும் குறையா இருக்கட்டும். கிளம்புங்க!”

“வழக்கத்தை மீறுறதா? நடக்காது!”

தூறல் விழுந்தது. பூவாயி மெல்லச் சொன்னாள். “நான் இங்கேயே இருந்துக்கறேன் அண்ணே. ஆயிரத்தெட்டுன்னா ஏழேழா அழகா நிக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.”

மாசாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூற்று நாற்பத்து நான்கு வரிசைகள் பிசகாமல் கிளம்பின.

பாதி மேட்டில் ஓர் ஓணான் பாய்ந்து, கடைசி வரிசையில் ஒருத்தியைக் கவ்விக்கொண்டு போனது. மீதி ஆறு பேர்.

“தலைவரே, இந்த ஆறு பேரையும் விட்டுட்டுப் போகணுமா?” என்று முன்வரிசைக்காரன் கேட்டான். அந்த ஆறு பேரில் மாசாணத்தின் மகளும் இருந்தாள்.

“பைத்தியமா உனக்கு? ஆறு பேராவே நடக்கட்டும்!”

ஆறு பேரும் நடந்தார்கள். நன்றாகத்தான் நடந்தார்கள்.

அப்போதுதான் மாசாணத்துக்கு உறைத்தது. திரும்பி ஓடினான். “பூவாயி! வந்துடும்மா, குறை வரிசையாவே போவோம்!”

புற்று இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. தவளை மட்டும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

“கடைசி வரைக்கும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டே போனாப்பா” என்றது.

எண்ணின் குணத்தை ஓர் உயிரின் குற்றமாக்கித் தள்ளிவிட்டால், பிறகு எவ்வளவு அழுதாலும் அந்த உயிர் திரும்பி வராது.