வண்டிமலை பந்தயம் வெச்ச மீசை

ஒரு ஊர்ல ஒரு மீசை இருந்துச்சு. மீசைக்குப் பின்னாடி வண்டிமலைன்னு ஒரு ஆட்டோக்காரன் இருந்தான். ‘ம்’ சொல்லு கண்ணு, இல்லேன்னா கதை நின்னுடும்.

“ம்.”

அவனுக்கு எல்லாத்துலயும் அவசரம். டீ ஆறுறவரைக்கும் பொறுக்க மாட்டான், நாக்கைச் சுட்டுக்குவான். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு செவ்வந்தி. அவனோட போட்டோவைப் பார்த்துட்டு, “மீசை நல்லாருக்கு”ன்னு சொல்லித்தான் தலையாட்டினாளாம்.

அப்போ, ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிர்ல அருணகிரியோட சலூன். காத்திருக்கிறவங்க ஆடறதுக்கு அங்க ஒரு செஸ் போர்டு கிடக்கும். தொட்ட காயை நகர்த்தியே ஆகணும், அது சலூன் சட்டம். ஒருநாள் நம்மாளு அருணகிரிகிட்ட சவடாலா, “தோத்தேன்னா பாதி மீசையை எடுத்துக்கோ!”ன்னான். எல்லாரும் சொல்ற பேச்சுதான். ஆனா கத்தி வெச்சிருக்கிறவன்கிட்டயா சொல்றது?

ஆட்டம் ஆரம்பிச்சுது. அருணகிரி ஒரு சிப்பாயைச் சும்மா முன்னாடி விட்டான். வண்டிமலையோட கை ராணியை எடுத்து லபக்குன்னு அதை வெட்டிடுச்சு. அப்புறம் அருணகிரியோட யானை திடுதிடுன்னு கடைசி வரிசைக்கு வந்து நின்னுது. வண்டிமலையோட ராஜா ஓடப் பார்த்தா, முன்னாடி அவனோட சொந்தச் சிப்பாய்ங்களே வழியை அடைச்சு நிக்குது. செக்மேட்! சரக்... வலது பக்கம் போச்சு.

“ஈ மொய்ச்சுது, அதான்! மறுபடி அடுக்கு, தோத்தா மிச்சத்தையும் எடு!”

அப்புறம்? அதே சிப்பாய், அதே லபக், அதே யானை. சரக்! இடது பக்கமும் போச்சு.

“ரேடியோ சத்தம், அதான்! நாளைக்கு வரேன். தோத்தா ரெண்டு புருவமும் உனக்கு!”ன்னு ஸ்டாண்டே கேக்கற மாதிரி கத்திட்டு வந்துட்டான்.

“அத்தை, புருவம் இல்லேன்னா எப்படி இருக்கும்?”

உரிச்ச முட்டை மாதிரி இருக்கும். ம், கேளு.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தான். உள்ள ஒருத்தன் திருதிருன்னு முழிக்கறான். அப்பதான் அவனுக்கு உறைச்சுது. இந்த மூஞ்சில புருவமும் போச்சுன்னா, செவ்வந்தி மணவறையிலருந்து எழுந்து போயிடுவாளே! அழுகையே வந்துடுச்சு அவனுக்கு. அப்புறம் வீட்டுல கிடந்த செஸ் போர்டுல தோத்த ஆட்டத்தைத் தனியா அடுக்கி, ரெண்டு பக்கமும் அவனே ஆடிப் பார்த்தான். மெதுவா. பார்க்கப் பார்க்க அவனுக்கே சிரிப்பு.

“அட மண்டு! அருணகிரி எங்கடா உன்னை ஜெயிச்சான்? நீயே உன் ராஜாவை உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஊர் மேயப் போயிருக்கே!” அப்புறம் வலது கையைத் தூக்கி அதையும் திட்டினான். “கண்ணு பார்க்கறதுக்குள்ள உன்னை யாரு போகச் சொன்னா?”

மறுநாள் அந்தக் கையைத் துண்டால இடுப்போட கட்டிக்கிட்டு சலூனுக்கு வந்தான்.

“என்னய்யா, கை சுளுக்கா?”ன்னு கேட்டான் அருணகிரி.

“இல்லப்பா, இது கடிக்கும். அதான் கட்டி வெச்சிருக்கேன்.”

சலூனே கொல்லுன்னு சிரிச்சுது. ஒவ்வொரு தடவையும் முடிச்சை அவுக்கணும், காயை நகர்த்தணும், திரும்பக் கட்டணும். அவுக்கிற நேரத்துல கண்ணு போர்டைச் சுத்தி வந்துடும்.

அப்போ, அருணகிரி அதே சிப்பாயை முன்னாடி விட்டான். கை துண்டுக்குள்ள துறுதுறுங்குது. “இரு கழுதை”ன்னு அதட்டிட்டு யோசிச்சான். ‘இவன் எதுக்கு நமக்கு இனாமா கொடுக்கறான்?’ சிப்பாயை வெட்டலை. ராஜா பக்கத்துல இருந்த தன் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துவிட்டான். டொக்!

அருணகிரிக்கு ஜெயிச்சே பழக்கமாச்சா, பார்க்காமலே யானையை இறக்கினான். திடுதிடு! “செக்! கத்தி எங்கப்பா?”

வண்டிமலையோட ராஜா ஜன்னல் வழியா நழுவிட்டார். அருணகிரி கடுப்புல அதே யானையால ஒரு சிப்பாயை லபக்குன்னு வெட்டினான். வண்டிமலை முடிச்சை அவுத்தான். மெதுவா... மெதுவா... அருணகிரியோட ராஜாவுக்குக் காவல் நின்ன யானைதான் இங்க வந்துடுச்சே! வண்டிமலையோட ராணி நேரா அங்க போய் உக்காந்துது. “செக்மேட்.” அருணகிரி கத்தியை மடக்கி வெச்சுட்டான்.

தூங்கிட்டியா?

“ம்... ம்.”

அப்புறம் கல்யாணம். டும் டும் டும்! செவ்வந்தி மாலையோட வந்து நிமிர்ந்து பார்த்தா, மீசையைக் காணோம்.

“போட்டோல இருந்தவர் எங்க?”ன்னா மெல்ல.

வண்டிமலை உடனே வாயைத் திறக்கலை. கொஞ்சம் யோசிச்சான். அப்புறம், “அவரு ரொம்ப அவசரக்காரரு, முன்னாடியே போயிட்டாரு. இனிமே நான்தான்”னான்.

அவ சிரிச்ச சிரிப்புல மாலையே குலுங்குச்சாம்.

கல்யாணம் ஆச்சு, கதையும் ஆச்சு. அவசரமே இல்ல கண்ணு, மெதுவா மூடு. தூங்கு.