ஏசியை அடைத்த செவ்வந்தி

கெஞ்சுகிறவனை மிதிக்கிற ஆளிடம் பேரம்தான் பேச வேண்டும். நிலக்கோட்டைப் பூ மண்டி முதலாளி ராசப்பன் அப்படிப்பட்ட ஆள். அவருடைய பழைய பிக்கப்பில் ஏசிக் காற்று முனகிக்கொண்டுதான் வந்தது. மண்டி வாசலில் டிரைவர் இருளாண்டியைப் பிடித்துக் கத்தினார்.

"நீ பீடி குடிச்சுத்தான் கெடுத்திருக்கே! மத்தியானத்துக்குள்ள காத்து வரணும். ஒரு நட்டைக்கூடக் கழட்டக் கூடாது. வரலேன்னா சாவியை வச்சிட்டுப் போயிடு!"

"சரிங்க முதலாளி. கெடுத்தது நான் இல்லேன்னா?"

"எவன் கெடுத்தானோ அவன் ஒரு மாசத்துக்கு வண்டிக்குப் பின்னாடி பூ மூட்டை மேல உக்காந்து வரட்டும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் இருளாண்டி, வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து. வண்டியில் ஏறி டாஷ்போர்டுப் பெட்டியை இரண்டு பக்கமும் கையால் அமுக்கினான். நட்டே தேவைப்படவில்லை, பெட்டி கழன்று தொங்கியது. பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவி முதலாளியின் மேஜையில் தட்டினான். கொட்டியது அத்தனையும் காய்ந்த செவ்வந்தி இதழ்.

பூக்கட்டும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியின் வைப்பர் மேல் செவ்வந்தி மாலை சாத்துவது முதலாளிதான், வேறு யாரையும் தொட விடமாட்டார். உதிர்ந்த இதழெல்லாம் கண்ணாடிக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தில் விழுந்திருந்தது.

ஃபில்டரைச் சொருகி ஏசியைப் போட்டான். எட்டிப் பார்த்த முதலாளியின் தோள்துண்டு காற்றில் பறந்தது.

"மூட்டை மேல வெயிலு கொளுத்துமேப்பா..."

"முன்னாடியே உக்காருங்க. 'கெடுத்தது நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க."

முதலாளி முணுமுணுத்தார்.

"கேக்கலையே!" என்றார்கள் பெண்கள்.

இரண்டாம் தடவை சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது. இருளாண்டி கதவைத் திறந்துவிட்டான்.